பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஓர் இடி

மும்பை லாமிங்டன் சாலையில் சப்வூஃபர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச்?" அறை எத்தனை அடி என்று கேட்பவர் அபூர்வம். நானும் ஏமாந்தவன்தான். புறநகர் அடுக்குமாடியில் எனது அறை 10 அடிக்கு 12 அடி. அதில் 12 அங்குல சப்வூஃபரை இறக்கி, இடத்தை அடைக்க வேண்டாமென்று மூலையில் தள்ளினேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு மராத்திக் காக்கு படியேறி வந்தார். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கின்றனவாம். கோபப்படவில்லை. கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், கீழே தட்டை ஆட்டிய ஓசை மேலே எனக்குச் சரியாகக் கேட்கவேயில்லை.

காரணம் பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் அலை நீளம் ஏறத்தாழ 28 அடி. சின்ன அறைக்குள் இந்த நீள அலைகள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில சுருதிகளில் அப்படியே நின்றுவிடுகின்றன. 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 56. சுவரோரம் ஓசை பொங்கும். நட்டநடுவில் கிட்டத்தட்டப் பூஜ்யம். நான் நாற்காலி போட்டிருந்தது நட்டநடுவில்! கேட்கவில்லையே என்று குமிழைத் திருகத் திருக, அவதி கீழ்வீட்டுக்கு. போதாததற்கு மூலை, எல்லா நிலையலைகளையும் ஒருசேர உசுப்பிவிடும் இடம்.

திரைச்சீலை, முட்டை அட்டை எல்லாம் இந்த ஓசையிடம் எடுபடாது. அவை கைதட்டலின் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே.

சரி, எதை வாங்குவது? சின்ன அறைக்கு என் ஓட்டு மூடிய பெட்டிக்கே. துளையுள்ள பெட்டி அதிகம் முழங்கும். ஆனால் தனது எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். மூடிய பெட்டியின் சரிவு 12 டெசிபல்தான். கதவைச் சாத்திய சிறிய அறை, அதிலும் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள நம்மூர் அறை, அடிமட்ட ஓசையைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. சரிவில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. 8 அல்லது 10 அங்குலம் தாராளம். தொண்ணூறுகளில் இசைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்த 'பி.எம்.பி.ஓ' வாட் கணக்கை நம்பி மோசம் போனவர்கள் நினைவிருக்கிறதா? பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். எண்.

பணம் அனுமதித்தால் பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் அறை முழுக்க ஓசை சீராகும் என்று அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனப் பொறியாளர் டாட் வெல்டி 2002-இல் ஆய்வு செய்து காட்டினார்.

இடம் தேட ஒரு பழைய உபாயம் உண்டு. பெட்டியை நீங்கள் உட்காரும் நாற்காலியில் ஏற்றி, பாட்டை ஓடவிட்டு, சுவரோரம் தவழ்ந்து பாருங்கள். (வீட்டில் யாருமில்லாத நேரம் உத்தமம்.) எங்கே ஓசை சமனாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி. கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். சோதிக்க வெடிச்சத்தப் படம் வேண்டாம். அது எல்லாக் குறையையும் மறைத்துவிடும். தபலாவின் இடப்பக்கத்து பாயாவைக் கேளுங்கள். அதன் நாதம் வழுக்கி ஏறும்போது ஏதாவது ஒரு சுருதி மட்டும் முட்டிக்கொண்டு வந்தால், பெட்டியை நகர்த்த வேண்டும்.

அண்டை வீட்டார் விஷயத்தில் சட்டத்தின் துணை குறைவு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஆனால் அளவிடும் முறை மனிதக் காதை ஒட்டியது. 50 ஹெர்ட்ஸ் ஓசையில் சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். கருவி சும்மா இருக்கும், தட்டுகள் ஆடும்.

பெரிய பெட்டியை நஷ்டத்துக்கு விற்று, 8 அங்குல மூடிய பெட்டி வாங்கினேன். மூலையிலிருந்து தள்ளி, அடியில் ரப்பர் வைத்து, நாற்காலியையும் பின்னுக்கு இழுத்தேன். ஒரு வாரம் கழித்துக் காக்குவிடமே கேட்டேன். பாட்டுப் போட்டால் தெரியவில்லை, சினிமா போட்டால் இன்னும் தெரிகிறது என்றார். சினிமாவை இப்போது ஹெட்ஃபோனில் பார்க்கிறேன்.