லத்தியில் கிடைக்கும் தாய்வழி

மாதேஸ்வரன் மலைக் காட்டை ஒட்டிய ஊர் மார்டள்ளி. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தது. முன்பு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர். இந்தப் பக்கத்து ராகிக் கொல்லையில் இரவு யானை இறங்கியிருந்தால், விடிந்ததும் மிதிபட்ட பயிருக்கு நடுவே லத்தி கிடக்கும். அதன் மேற்புறத்தில் யானையின் குடல் சுவரிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டியிருக்கின்றன. யானையைப் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல், அந்தச் செல்களில் உள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு அதன் தாய்வழியைக் கண்டுபிடிக்கலாம்.

குடல் சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். அங்கே ஒரு செல் இரண்டாவதற்கு முன், டி.என்.ஏ.வின் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். எழுத்துகள் நான்குதான். ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே சி. ஹெலிகேஸ் என்ற நொதி இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டே போக, பாலிமரேஸ் என்ற நொதி ஒவ்வொன்றுக்கும் எதிர் இழையைக் கோக்கிறது. பாலூட்டிகளில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 50 எழுத்து. ஒரே இடத்தில் தொடங்கினால் முடிக்க இரண்டு ஆண்டு பிடிக்கும்! ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்குவதால்தான் சில மணி நேரத்தில் முடிகிறது. பாலிமரேஸ் ஒரே திசையில்தான் கோக்கும். இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதனால் ஓர் இழையின் படி துண்டு துண்டாகத் தயாராகிப் பிறகு ஒட்டப்படுகிறது. 1960களில் இதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானின் ஒகசாகி தம்பதியர்.

தவறான எழுத்து சேர்ந்தால் பாலிமரேஸே பின்வாங்கி அதை வெட்டி எறிகிறது. அதற்கும் தப்பியதைத் திருத்த வேறு நொதிகள் வருகின்றன. கடைசியில் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவில்தான். ஆனால் சிஏசிஏசிஏ என்று ஒரே எழுத்துகள் தொடர்ந்து வரும் இடங்களில் பாலிமரேஸ் தடுமாறும். ஜெபமாலை இல்லாமல் ஒரே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே போகிறவருக்கு எண்ணிக்கை நழுவுவதைப்போல, ஒரு சிஏ கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். விந்திலோ கருமுட்டையிலோ அப்படி நேர்ந்தால் அது குட்டிக்கும் போகிறது. இந்த நழுவல்கள்தான் ஒரு யானைக் கூட்டத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

லத்தியில் கிடைக்கும் டி.என்.ஏ. கொஞ்சம், அதுவும் உடைந்தது. தின்ற மூங்கிலின் டி.என்.ஏ.வும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும் அதில் கலந்திருக்கும். இங்கே உதவுவது பி.சி.ஆர். என்ற படிபெருக்கும் முறை. யானை டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் பொருந்தும் 20 எழுத்து அளவிலான தொடக்க இழைகளைச் சேர்க்கிறார்கள். செல் உடல் வெப்பத்திலேயே நொதியால் பிரிப்பதை, ஆய்வகம் 95 டிகிரி சூட்டில் பிரிக்கிறது. பிறகு ஆறவிட்டு, 72 டிகிரியில் பாலிமரேஸை வேலை செய்ய விடுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி என்பதால் அந்தச் சூட்டிலும் அது கெடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். 1983இல் இதை உருவாக்கிய கேரி மல்லிஸ் நோபல் பெற்றார். அதற்கு முன்பே, 1971இல், ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகம் இதன் அடிப்படையை எழுதியிருந்தது.

இந்த முறையைப் பயன்படுத்தி, ஆய்வாளர்கள் டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் ஆகியோரும் இலங்கையின் பிரித்விராஜ் பெர்னாண்டோவும் இடம்பெற்ற குழு 2005இல் தென்னிந்திய யானைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில், நீலகிரி-கிழக்குத் தொடர்ச்சி மலை யானைகளிடம் ஒரே ஒரு வகைதான் கிடைத்தது. உலகிலேயே மிகப் பெரிய ஆசிய யானைக் கூட்டம் அது. தாய்வழியோ ஒன்றே ஒன்று! தலைக்கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சுமார் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை, பெரியாறு யானைகள் தனிக் கூட்டமாக நின்றன. 2024இல் வெளியான முழு மரபணு ஆய்வு, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவற்றையும் தனிக் கூட்டம் என்றது.

கொல்லைக்குள் வரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லிக் கேட்கும் உழவரின் வேதனை நியாயமானது. ஆனால் எந்தக் காட்டில் விடுவது என்று முடிவு செய்யும் முன், வனத்துறை இந்த மரபணு எல்லைகளையும் பார்த்தாக வேண்டும்.