எந்தத் தடையை முதலில் நீக்குவது?

அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டனில் சாலைகள் ஓடைகளைக் கடக்கும் இடங்களில் பதிக்கப்பட்ட கல்வெர்ட் குழாய்கள் பல, ஓடையின் அகலத்தைவிடக் குறுகியவை என்பதால், அவற்றில் நெருக்குண்டு பாயும் நீர் வெளிவாயிலுக்குக் கீழுள்ள மண்ணை அரித்துக் குழியாக்கி, நாளடைவில் குழாயின் வாயை அந்தரத்தில் நிறுத்திவிடுகிறது. கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும் சால்மன் மீனின் பயணம் அங்கே முடிந்துவிடலாம். குழாய்வாயில் நீர் 24 செ.மீ. விழுந்தாலே அதைத் தடையாகக் கொள்வது அம்மாநில மீன்வளத் துறையின் அளவுகோல். வளர்ந்த மீன் தாவக்கூடிய அவ்வுயரம், ஓராண்டுக்காலம் ஓடையிலேயே வளரும் கோஹோ சால்மன் குஞ்சுகளுக்குச் சுவராகிவிடும்.

1854, 1855ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் மீன்பிடி உரிமை உறுதிசெய்யப்பட்ட பழங்குடியினருக்காகத் தொடரப்பட்ட வழக்கில், மாநிலச் சாலைகளின் கீழுள்ள இத்தகைய தடைகளைச் சீர்செய்யுமாறு 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் 4-4 எனப் பிளவுபட்டதால் அவ்வாணை நிலைபெற்றது. இடங்களோ நூற்றுக்கணக்கானவை, குழாயைத் தோண்டியெடுத்துப் பாலம் கட்டுவதோ பெருஞ்செலவு. எனவே வரிசை வகுக்க வரைபடத் தரவு வேண்டியதாயிற்று.

விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி, மரங்களுக்கு அடியிலுள்ள தரையின் உயரத்தையும் அளக்கும் லைடார் முறையால், ஓடை செல்லும் தடமும் அதன் சரிவும் கணிக்கப்படுகின்றன. அதன்மேல் சாலை வரைபடத்தைப் பொருத்தினால், கடக்குமிடங்கள் புள்ளிகளாகத் தெரிவதோடு, ஒவ்வொன்றுக்கும் மேலே, இயற்கை அருவியோ செங்குத்துச் சரிவோ குறுக்கிடும் வரை, மீனுக்கு உகந்த ஓடை எவ்வளவு நீளம் உண்டு என்பதும் கணக்காகிறது.

ஆனால் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே மதிப்பிட்டு வரிசைப்படுத்துவது பெரும் பிழையில் முடியும். ஓர் ஓடையில் மூன்று தடைகள் இருந்து, ஒவ்வொன்றும் வரும் மீன்களில் பாதியை மட்டும் விட்டால், உச்சியை எட்டுவது எட்டில் ஒரு பங்கே. கீழ்த்தடை முழுவதும் அடைத்திருந்தாலோ, மேலேயுள்ள இரண்டையும் நீக்கியும் கடலிலிருந்து ஒரு மீன்கூட ஏறிவராது. ஒரு தடையின் மதிப்பு அதன் அண்டைத் தடைகளைப் பொறுத்தது என்பதே தடைநீக்கத் திட்டமிடலின் அடிப்படை.

வரைபடம் கடக்குமிடத்தைக் காட்டுமேயன்றிக் குழாய்வாயின் உயரத்தைக் காட்டாது. அதற்கு அளவுகோலுடன் ஓடைக்குள் இறங்கத்தான் வேண்டும். மேலும், நீதிமன்ற ஆணை மாநிலத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அதே ஓடையில் கவுண்டி நிர்வாகம், நகராட்சி, தனியார் ஆகியோரின் குழாய்களும் குறுக்கே கிடக்கின்றன. ஆகவே, உரிமையாளர்வாரியாக அன்றி ஓடைவாரியாக வகுக்கப்படும் பட்டியலே மீனுக்குப் பயன்படும்.