வானலையில் வந்த பொய், கைப்பேசியில் வரும் பொய்

1971 டிசம்பர் போர் தாம்பரத்துக்கு வானொலிச் செய்தியாகத்தான் வந்தது. விமானப்படைத் தளம் இங்கே இருந்தும், குண்டு விழுந்த ஊர்களெல்லாம் வெகு தொலைவில் இருந்தன. கடலில்தான் கதை வேறு. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை மூழ்கடிக்க வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, சென்னைக் கடலிலும் அதைத் தேடியதாகச் சொல்வார்கள். விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்க, ராஜ்புத் என்ற பழைய கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நின்று, தானே விக்ராந்த் என்பதுபோல வானலைச் செய்திகளை ஓயாமல் அனுப்பியது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் அருகே காஸி மூழ்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று பொய்ச் செய்தி எதிரித் தளபதியைக் குறிவைத்தது.

இன்று அது நம்மைக் குறிவைக்கிறது. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலைக்குப் பின், மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் என்ற பெயரில் இந்தியா பாகிஸ்தானைத் தாக்கியது. அதே நாளில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை. அந்த வாரமே, ஏடிஎம்கள் இரண்டு மூன்று நாள் மூடிக்கிடக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வதந்தி கிளம்பியது. மத்திய அரசு அதைப் பொய் என்று மறுத்தது. வதந்தியோடு நிற்கவில்லை: அந்த நாட்களில் இந்திய இணையதளங்கள் மீது 15 லட்சம் தாக்குதல்கள் நடந்ததாகவும், பலித்தவை 150 மட்டுமே என்றும் மகாராஷ்டிர சைபர் காவல்துறை கணக்கு சொன்னது. இவ்வளவு குறைவாகப் பலிக்கும் வேலையைத் தாக்குகிறவர்கள் எதற்குச் செய்கிறார்கள்? பயத்தைக் கிளப்புவதுதான் பாதி நோக்கம் என்பேன்.

இத்தகைய இணையத் தாக்குதல்களின் தேதிகளைப் பார்த்தாலே வேர் தெரிந்துவிடும். மும்பைத் தாக்குதலின் நினைவு நாளையொட்டி 2010 நவம்பரில் பாகிஸ்தான் இணையதளங்கள் தாக்கப்பட்டன. பழிக்குப் பழியாக டிசம்பரில் சிபிஐ இணையதளம் முடக்கப்பட்டது. 2020 ஜூனில் சீன எல்லையில் உள்ள கல்வானில் ரத்தம் சிந்திய பின், சீனச் செயலிகள் 59 தடைசெய்யப்பட்டன. சீனத் தொடர்புள்ள குழுவொன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தையும் குறிவைத்ததாக 2021 பிப்ரவரியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் அறிவித்தது, சீனா மறுத்தது. 1947-இலிருந்து தீராத காஷ்மீரும், வரையறுக்கப்படாத இமயமலை எல்லையும் இருக்கும்வரை எந்தக் கடவுச்சொல்லும் இந்தப் பகையைத் தீர்க்காது. அதைப் பேசித் தீர்க்க வேண்டியவை அரசுகள்.

சேலையூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கும் சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இந்தப் போர் வந்து உட்கார்ந்திருக்கிறது. இணைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் அவர்கள் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கும் விதி. அவை மூடி மறைக்கக் கூடாது. எல்லையில் அடுத்த பதற்றம் எழும்போது, யார் அனுப்பியதென்று தெரியாத செய்தியைத் தயவுசெய்து உங்கள் தெருக் குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள்.