ஓடுபாதையில் நின்ற விமானம்: இறங்குவதா, இருப்பதா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஆறாண்டு இடைவெளியில் இரண்டு ஆபத்தான தரையிறக்கங்களைச் சந்தித்தது. 2010 நவம்பர் 4 அன்று, நடுவானில் எஞ்சின் ஒன்று வெடித்துச் சிதறிய குவாண்டாஸ் ஏ380 விமானம் 469 பேருடன் திரும்பி வந்தது. 2016 ஜூன் 27 அன்று, மிலானுக்குப் புறப்பட்டு வழியில் திரும்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானத்தின் வலது இறக்கை, தரையிறங்கியதும் தீப்பற்றி எரிந்தது. அதில் 241 பேர் இருந்தார்கள். இரண்டிலும் சறுக்குகளை விரித்துப் பயணிகளை வெளியேற்ற உத்தரவு வரவில்லை. இரண்டிலும் எல்லோரும் படிக்கட்டு வழியாகக் காயமின்றி இறங்கினார்கள். ஆனாலும் இரண்டு முடிவுகளுக்கும் ஒரே மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. முடிவை அதன் விளைவைக் கொண்டு எடைபோடுவது தவறு. அந்த நொடியில் விமானிகளுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்துகொள்ள என்ன செய்தார்கள் என்பதுதான் அளவுகோல்.

குவாண்டாஸ் விமானம் நின்றபோது அதன் இடது இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பிரேக்குகள் 900 டிகிரி வரை கொதித்துக் கிடந்தன. இடது ஓரத்து எஞ்சினோ, கம்பிகள் அறுந்துபோனதால் நிறுத்தியும் நிற்காமல் ஓடியது. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் சக விமானிகளும் இரண்டு ஆபத்துகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தால் தீப்பிடிக்கலாம். வெளியே தள்ளினால் வயதானவர்களும் குழந்தைகளும் உயரமான சறுக்குகளில் விழுந்து, எரிபொருள் தேங்கிய தரையில், ஓடும் எஞ்சினுக்கு அருகே போய் நிற்பார்கள். தீ இல்லை, தீயணைப்பு வீரர்கள் நுரை தெளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் உள்ளே இருப்பதே மேல் என்று முடிவெடுத்தார்கள். பணியாளர்கள் கதவருகே ஆயத்தமாக நின்றார்கள். நிலைமை மாறினால் அடுத்த நொடியே சறுக்குகளை விரித்திருப்பார்கள். வலப்பக்கத்து ஒரே கதவு வழியாக எல்லோரும் இறங்கி முடிக்க 2 மணி நேரம் ஆனது. அந்த 2 மணி நேரமும் முடிவு மறுபடி மறுபடி சரிபார்க்கப்பட்டது. காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

2016இல் தீ கண்ணெதிரே எரிந்தது. தீயணைப்புத் துறை விரைந்து வந்து சில நிமிடங்களில் அதை அணைத்தது; சாங்கியின் அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் வெளியேற்ற வேண்டுமா என்பதற்கு விமானிகள் தீயணைப்புத் தளபதி ஒருவரையே நம்பினார்கள் என்று சிங்கப்பூரின் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. கேபின் பணியாளர்கள் ஜன்னல் வழியே பார்த்ததைக் கேட்டிருக்கலாம். விமானத்திலேயே இருந்த கேமராவைப் பார்த்திருக்கலாம். எல்லோரும் பிழைத்துவிட்டார்களே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 1985இல் மான்செஸ்டரில் எரிந்த போயிங் 737இல் 137 பேரில் 55 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோரைக் கொன்றது புகை. தீ விமானத்தின் உடலைத் துளைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. 2016இல் தீயை அணைக்கப் போதிய நேரம் கிடைத்தது; ஆனால் கிடைக்கும் என்று முன்கூட்டியே எண்ணியிருக்க முடியாது.

அப்படியானால் சந்தேகம் வந்தாலே கதவைத் திறந்துவிடலாமே? இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 46 வெளியேற்றங்களில் 92 சதவீதத்தினர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். சறுக்கினால் கால் முறியும் என்ற பயம் பலரும் நினைக்குமளவுக்குப் பெரிதல்ல. ஆனால் எந்தப் பக்கம் திறப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2016 அக்டோபரில் சிகாகோவில் ஓர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் வலப்பக்கம் எரிந்தது. பயணிகள் இடப்பக்கம் இறங்கினார்கள். அங்கே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகக் காற்று தள்ளியதில் ஒருவர் படுகாயமடைந்தார். வெளியேறியது சரியே. விமானி அறைக்கும் கேபினுக்கும் இடையே தகவல் ஓடாததுதான் கோளாறு.

தகவல் ஓடாத இடத்தில் காத்திருந்தால் என்னவாகும் என்பதை ரியாத் 1980இல் காட்டியது. சவுதியா விமானம் உள்ளே எரிந்தபடியே பத்திரமாகத் தரையிறங்கியது. உடனே நிற்காமல் ஓடுபாதையை விட்டு விலகிப் போய் நின்றது. நின்ற பிறகும் எஞ்சின்கள் 3 நிமிடத்துக்கு மேல் ஓடின. மீட்புக் குழு நெருங்க முடியவில்லை. 301 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதற்கு மாறாக, 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் அறிவிப்புக் கருவி செயலிழந்தது. விமானி அறையைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் பின்கதவைப் பணியாளரே தன் பொறுப்பில் திறந்தார். எட்டுக் கதவுகளில் மூன்று மட்டுமே பயன்பட்டன. 379 பேரும் வெளியே வந்தார்கள்.

பணியாளர் கையில் இந்த அதிகாரம் இருந்தால் அவசரப்பட்டுத் திறந்துவிடுவார்களே என்பது கடைசி ஆட்சேபம். சிகாகோவை அதற்கு ஆதாரமாகக் காட்டலாம். அதிகாரத்தைப் பறிப்பது அதற்குத் தீர்வாகாது. வெளியே எந்த எஞ்சின் ஓடுகிறது என்று கதவருகே நிற்பவருக்குத் தெரிவிக்க ஒரு சிறு விளக்கு போதும்.