சர்க்கரை நோயும் நம் இல்லமும்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது பழமொழி. ஆயினும், நோய் வந்த பின்னும் ஒழுங்கோடு இருந்தால் நெடுநாள் நலமாக வாழலாம் என்பதைக் காட்டும் நோய் ஒன்று உண்டு. அதுவே நீரிழிவு எனப்படும் சர்க்கரை நோய். நோயாளி மருத்துவரைக் காண்பது மாதத்தில் சில நிமிடங்களே. மற்ற நாளெல்லாம் நோயைக் கட்டுக்குள் வைப்பது இல்லம்தான். ஆகவே, இதைப் பற்றி மாணவியராகிய நாமும் அறிந்திருத்தல் நலம்.

நோய் யாது?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் நுழையக் கணையம் சுரக்கும் இன்சுலின் தேவை. பூட்டிய கதவுக்குச் சாவி போன்றது அது. சிலருக்கு, பெரும்பாலும் இளவயதிலேயே, இச்சுரப்பு நின்றுவிடுகிறது. பெரியவர்கள் பலருக்கோ, சுரக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. போதிய அளவு சுரப்பதுமில்லை. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 126-ம் அதற்கு மேலும் இருப்பது மறு சோதனையிலும் உறுதியானால் அது நீரிழிவு.

இன்சுலின் நின்றுபோன குழந்தைகள் ஒரு காலத்தில் பிழைத்ததில்லை. 1921-ம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் ஊசியாகப் போடப்பட்டது. பான்டிங் பிறந்த நவம்பர் 14-ம் நாளே உலக நீரிழிவு நாள். அது நம் நாட்டுக் குழந்தைகள் தினமும் ஆகும்.

உணவில் ஒழுங்கு

சீனியை விட்டுவிட்டு வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றை உண்ணலாம் என்பது தவறான எண்ணம். அவையும் சர்க்கரையே. கோதுமையையும் கேழ்வரகையும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்பதும் தவறு. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை என இருத்தல் நன்று. இவ்வுணவு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்றதே. தனி அடுப்பு தேவையில்லை.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பது நம் தாய்மாரின் வழக்கம். மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்ட தாய் அவ்வாறு காத்திருப்பது ஆபத்து. அவருக்கு முதலில் உணவு எடுத்து வைப்பது நம் கடமை. உபவாச நாட்களிலும் மருத்துவரைக் கேளாமல் பட்டினி இருத்தல் கூடாது.

நடையும் கால்களும்

வாரத்தில் ஐந்து நாட்களேனும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது நல்ல பயன் தரும். வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. நாள்பட்ட சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, முள் குத்தினாலும் தெரியாமற்போகும். சிறு புண் பெரிதாகிக் காலையே இழக்க நேரிடுவதும் உண்டு. ஆகவே, நாள்தோறும் பாதங்களைப் பார்க்க வேண்டும். கண் மங்கிய பாட்டிக்குப் பேத்தி பார்த்துச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் பரிசோதனையும் அவசியம்.

சர்க்கரை திடீரெனக் குறைந்தால்

ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் உணவு தவறினால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுக்கம், வியர்வை, கடும் பசி, படபடப்பு, காரணமற்ற கோபம், தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். கோபத்தைக் கண்டு பதிலுக்குக் கோபிக்காமல், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிடில் மீண்டும் கொடுங்கள். தேறியபின் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மறைத்தல் வேண்டாம்

நம் வகுப்பிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் தோழி இருக்கலாம். பாட வேளையில் அவள் பிஸ்கட் உண்டால் ஏளனம் செய்யாதீர்கள். இது தொற்று நோயன்று. பெண்ணின் திருமணம் தடைப்படுமோ என அஞ்சி, பெற்றோர் சிலர் பள்ளிக்கும் சொல்லாமல் மறைப்பதுண்டு. அவர்களின் அச்சம் புரிகிறது. ஆனால் ஆசிரியைக்கும் தோழியர்க்கும் தெரியாத நோய்க்கு, மயங்கி விழும் வேளையில் யார் உதவ முடியும்? எனவே பெற்றோரே, வகுப்பாசிரியையிடமாவது தயங்காமல் கூறுங்கள்.

அளவான உணவு, தவறாத மருந்து, அன்றாட நடை, வீட்டாரின் அன்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் சர்க்கரை நோய் நமக்கு அடங்கியே நிற்கும்.