கிராங்க் தண்டின் முறுக்கமும் தணிப்பு வளையமும்

கார் உடையோருட் பலர் பெயர்தானும் அறியாத உறுப்பொன்று எஞ்சினின் முகப்பிலே ஓயாது சுழன்றுகொண்டிருக்கின்றது. காண்போர்க்கு அது பெல்ட் ஓடும் வெறுங் கப்பியே. கராஜ்களிலும் ‘கிராங்க் புல்லி’ என்பதே வழக்கு. ஆங்கில நூல்கள் ஹார்மோனிக் பாலன்சர் என்று குறிக்கும் அவ்வுறுப்பின் தொழில் பெல்டை இழுப்பதோடு அமைவதன்று. வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்ற ஆசிரியனுக்கு எஞ்சின் ஆராய்ச்சி எதற்கென நண்பர் சிலர் நகைத்தனர். மூன்று பெல்டுகளுக்கும் ஓர் அல்டர்நேட்டருக்கும் வீணே பணம் இறைத்தவனுக்கு அவ்வுரிமை உண்டென்பதே என் விடை.

நான்கு உருளை எஞ்சினிலே கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு உருளைகளிற் பெற்றோல் ஆவி வெடித்தெரிகின்றது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்னும் வேகத்தில் விநாடிக்கு 100 அடிகள் தண்டின்மீது விழுகின்றன. தண்டு உருக்கினாலானது, ஆயினும் உருக்கும் முறுகும். ஒவ்வோர் அடிக்கும் அது மயிரிழையளவு முறுகி மீள்கின்றது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் சிறு குழந்தையின் கையும் அதனை உயர ஏற்றிவிடுமன்றோ? அதுபோல, அடிகளின் வேகம் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துவிடின் முறுக்கம் பெருகும். பௌதிக நூலார் இதனைப் பரிவு என்பர். 1831 இல் மாஞ்செஸ்ரருக்கு அருகிலுள்ள புரோட்டன் தொங்குபாலத்தின்மீது படைவீரர் அடியொத்து நடந்தபோது பாலம் சரிந்து வீழ்ந்ததற்கு இதனையே காரணங் காட்டுவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட தண்டுடைய ஆறு உருளை எஞ்சின்கள் தோன்றியபோது இவ்வின்னல் பெரிதாயிற்று. அதற்குத் தணிப்பான் வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் பிரித்தானியப் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்ரர். இன்று கார்களிற் பெரும்பாலும் காணப்படும் அமைப்பு எளியது. தண்டிற் பொருந்திய குடம் ஒன்று; அதனைச் சூழ்ந்து கனமான இரும்பு வளையம்; இரண்டிற்கும் இடையே இறப்பர்ப் பட்டை. தண்டு திடீரென முறுகும்போது புறவளையம் தன் சடத்துவத்தால் உடன் செல்ல மறுக்கின்றது. இடையிலுள்ள இறப்பர் நெளிந்து, அதிர்வின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகின்றது.

ஹெனரத்கொடையில் 1876 இல் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாட்டினருக்கு இறப்பரின் இயல்பை விரித்துரைத்தல் மிகை. இயற்கையாயினும் செயற்கையாயினும் அது வெப்பத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ஆண்டுகளாலும் இறுகி வெடிக்கும். கார் குறைந்த தூரமே ஓடியதென்பது இதற்குக் காப்பாகாது. 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் நம்மவர் பழைய வண்டிகளையே பேணினர். முப்பது வயதான எஞ்சின்களில் முப்பது வயதான இறப்பரும் சுழல்கின்றது.

எனது கார் தொண்ணூறுகளிற் செய்யப்பட்ட ஜப்பானியக் கார். வெள்ளவத்தையிலே காலி வீதியில் ஏறும்போதெல்லாம் அது கீச்சிட்டது. ஒரு கராஜில் பெல்டை மாற்றினர். ஓரம் பிய்ந்து அதுவுங் கெட்டது. பின்னர் அல்டர்நேட்டரை மாற்றினர். எரிபற்றல் நேரத்தையும் கப்பியிலுள்ள குறியைப் பார்த்துத் திருத்தினர். அதன்பின் வண்டி வலுவிழந்தது, சூடேறிற்று, பெற்றோலையும் மிகுதியாக உண்டது.

கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றபோதே உண்மை வெளிப்பட்டது. எஞ்சினை ஓடவிட்டு, ரோச்லைற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் நோக்குமாறு அவர் சொன்னார். குடம் நேராகச் சுழல, புறவளையம் தள்ளாடிற்று. பின் எஞ்சினை நிறுத்தி, குடம், இறப்பர், வளையம் மூன்றையும் குறுக்கிட்டு வெள்ளைப் பூச்சினால் ஒரு கோடு இழுத்தார். “மாஸ்டர், நாலு நாள் ஓட்டிப்போட்டு வாங்கோ” என்றார். நான்காம் நாள் கோடு இரண்டாக முறிந்து, வளையத்திலுள்ள பாதி விரலகலம் பின்தங்கி நின்றது. நேரக்குறி பொறிக்கப்பட்டிருப்பது அவ்வளையத்திலேயே. வளையம் வழுக்கியபின் குறி பொய்யுரைக்கின்றது. அப்பொய்யை நம்பித் திருத்தினால் எரிபற்றல் பிந்தும். ஐயம் எழின், முதலாம் உருளையின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையை நேரே கண்டு குறியோடு ஒப்பிடல் வேண்டும்.

மாற்றுகையிற் கவனிக்கவேண்டியவை சிலவே. பற்றறியின் இணைப்பை நீக்கி, பெல்டுகளைக் கழற்றி, தண்டு சுழலாவண்ணம் பிடித்து நடு ஆணியைத் தளர்த்தவேண்டும். குடத்திலுள்ள மரைத் துளைகளிற் பூட்டும் இழுவைக் கருவியாலேயே கப்பியைக் கழற்றுதல் முறை. புறவளையத்திற் கொக்கியிட்டு இழுப்பின் இறப்பர் கிழியும். சுத்தியலால் அடிப்பின் அவ்வடி தண்டின் தாங்கிகளைச் சென்று தாக்கும். கழன்றதும் பின்னாலுள்ள எண்ணெய்ச் சீலைப் பார்த்து, கசிவு இருப்பின் அதனையும் மாற்றுதல் நன்று. அங்கே மீண்டும் கைவைக்க இன்னொரு முறை இத்தனையும் கழற்றவேண்டிவரும். நடு ஆணியை உற்பத்தியாளர் குறித்த இறுக்கத்துக்கு அளவுக் கருவிகொண்டே முறுக்குக. தளர்ந்த ஆணி தண்டின் சாவித்தடத்தையே அரித்துவிடும்.

பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பழைய எஞ்சின்களினின்று கழற்றிய கப்பிகள் மலிவாகக் கிடைக்கும். யானும் ஒன்றைக் கையிலெடுத்தேன். ஆனால் அதன் இறப்பரும் என் வண்டியின் வயதினதே. நகத்தால் அழுத்தியபோது கல்லெனவே இருந்தது. புதியதற்கு விலை அதிகமே. ஆயினும் முற்றாகக் கழன்ற வளையம் பெல்டை எறிந்துவிடின், பல எஞ்சின்களில் நீர்ப்பம்பும் அக்கணமே நின்றுபோம், ரேடியேட்டரும் உடையலாம்.

புதியதைப் பூட்டியவுடன் முதியவர் அதன்மீதும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். மாதமொருமுறை பொனற்றைத் திறந்து பார்க்கின்றேன். எட்டு மாதம் கழிந்தும் கோடு நேராகவே இருக்கின்றது.