கிழட்டு ரம்பத்துக்கு வந்த மவுசு!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த மாநிலம். பனை மரத்தைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயரம் வளரும் மரங்கள் அங்கே உண்டு. மரம் வெட்டுவது அங்கே பல குடும்பங்களுக்குத் தலைமுறைத் தொழில்.

சனிக்கிழமை காலையில் அந்த ஊர்ப் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி வைத்து, வீட்டுக்காரர்களே விற்பார்கள். பழைய நாற்காலி, பீங்கான் தட்டு, குழந்தை வண்டி எல்லாம் இருக்கும்.

அந்தக் குவியலின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓர் எந்திரம் கிடக்கும். தாத்தா காட்டில் மரம் அறுத்த எந்திரம். தாத்தா போய்விட்டார். பேரனுக்கு அதைப் பிடிக்கவும் தெரியாது.

ஒருவர் வருவார். மற்றச் சாமான்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரே அந்த எந்திரத்திடம் போவார். அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். பணத்தை எண்ணிக் கொடுப்பார். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போவார்.

அது என்ன எந்திரம்?

அதுதான் சங்கிலி ரம்பம்!

எப்படி அறுக்கிறது?

நம் ஊர் மரவாடிகளில் முன்பு பெரிய வாளை இரண்டு பேர் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் மேலே நிற்பார். மற்றவர் கீழே நிற்பார். நாள் முழுவதும் வியர்வை சிந்த வேண்டும்.

சங்கிலி ரம்பத்தில் அந்த வேலையைப் பெட்ரோல் எந்திரம் செய்கிறது. சைக்கிள் செயின் போன்ற ஒரு சங்கிலி. அதில் கூர்மையான பற்கள். நீளமான இரும்புப் பட்டை ஒன்றின் விளிம்பைச் சுற்றி அந்தச் சங்கிலி ஓடுகிறது. முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். மரத்தில் வைத்தால் சில நிமிடங்களில் பெரிய மரமும் சாய்ந்துவிடும்.

சுமக்க இரண்டு ஆள்

முதலில் வந்த ரம்பங்களை ஒரு ஆள் தூக்க முடியாது.

ஜெர்மனியில் எமில் லெர்ப் என்பவர் 1927-ம் ஆண்டில் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். டோல்மார் என்ற மலையில் அதை ஓட்டிப் பார்த்தார். மலையின் பெயரையே ரம்பத்துக்கும் வைத்தார். அதன் எடை 58 கிலோ! கிட்டத்தட்ட ஒரு நெல் மூட்டையின் கனம்.

அதே நாட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ம் ஆண்டில் மின்சார ரம்பம் செய்தார். 1929-ம் ஆண்டில் பெட்ரோல் ரம்பம் செய்தார். அதன் எடை 46 கிலோ. இரு முனையிலும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1950-ம் ஆண்டு வாக்கில்தான் ஒரே ஆள் தூக்கும் ரம்பங்கள் பெருகின. பழைய ரம்பம் சேர்ப்பவர்கள் அதிகமாகத் தேடுவது அதற்குப்பின் வந்த 20, 30 ஆண்டுகளின் ரம்பங்களைத்தான்.

புழு சொன்ன பாடம்

எடை குறைந்தது. ஆனால் பல் சரியாக அமையவில்லை. பழைய சங்கிலியின் பற்கள் கை வாளின் பற்களைப்போல மரத்தைச் சுரண்டின. சீக்கிரம் மழுங்கின. தீட்டுவதற்கே பாதி நாள் போயிற்று.

ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி இருந்தார். 1946-ம் ஆண்டில் ஒருநாள் அவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு மரக்கட்டைக்குள் விரல் பருமனுள்ள வண்டுப் புழு ஒன்று இருந்தது. இரும்பு ரம்பம் திணறும் மரத்தை அது வெண்ணெய்போல் குடைந்து தள்ளிக்கொண்டிருந்தது!

காக்ஸ் குனிந்து உற்றுப் பார்த்தார். புழுவின் வாயில் இரண்டு தாடைகள் இருந்தன. ஒன்று இடப்பக்கம் செதுக்கியது. மற்றது வலப்பக்கம் செதுக்கியது. அது மரத்தைச் சுரண்டவில்லை. சீவி எடுத்தது.

அந்தத் தாடையைப்போலவே வளைந்த பற்களை இரும்பில் செய்தார் காக்ஸ். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சங்கிலியில் கோத்தார். 1947-ம் ஆண்டில் போர்ட்லண்டு நகரில் அதை விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வழியில் வந்தவைதான்.

பாலத்தை வாங்கியவர்

ரம்பம் விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் மெக்கல்லக். 1949-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி சுமார் 11 கிலோ எடையுள்ள ரம்பத்தைக் கொண்டுவந்தது. அது நன்றாக விற்றது.

லண்டன் மாநகரம் 1968-ம் ஆண்டில் தன் பழைய பாலத்தை விற்றது. வாங்கியவர் இதே மெக்கல்லக்தான்! விலை 24,60,000 டாலர். கல் கல்லாக நம்பர் போட்டுக் கழற்றி, அந்தக் கற்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அவர் உண்டாக்கிய ஊரில் 1971-ம் ஆண்டில் அந்தப் பாலம் மீண்டும் எழுந்தது.

பாலம் இன்னும் நிற்கிறது. ஆனால் ரம்பக் கம்பெனி 1999-ம் ஆண்டில் நொடித்துப் போயிற்று. பெயர் மட்டும் வேறு கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இப்படி மறைந்த கம்பெனிகள் பல. அதனால்தான் அவற்றின் ரம்பங்களுக்கு மவுசு. அதனால்தான் உதிரிச் சாமான்களுக்குப் பஞ்சம். ஒரு ரம்பத்தை ஓட வைப்பதற்காக, ஓடாத இன்னொரு ரம்பத்தையும் வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்து ஒன்றாக்குவார்கள்.

வாங்கும் முன்பு

விவரம் தெரிந்தவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க மாட்டார்கள். முதலில் நான்கு சோதனை செய்வார்கள்.

முதல் சோதனை, கயிறு. கயிறு இற்றுப்போகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்க வேண்டும். ரம்பம் விட்டு விட்டு, மெதுவாக இறங்கினால் எந்திரத்தில் அழுத்தம் இருக்கிறது. சரேலென்று இறங்கினால் உள்ளே தேய்ந்துவிட்டது.

இரண்டாவது, பிஸ்டன். சைலன்சரைக் கழற்றினால், ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால், எண்ணெய் இல்லாமல் ஓடிச் சூடேறிய ரம்பம் என்று அர்த்தம்.

மூன்றாவது, பிளக். அதைக் கழற்றி, வயரோடு சேர்த்து எந்திரத்தின் இரும்பில் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நீலப் பொறி பறக்க வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

நான்காவது, உடம்பு. மேற்கூட்டில் விரிசல் உண்டா? திருகுகள் உடைந்திருக்கின்றனவா? சங்கிலியை ஓட்டும் பல் சக்கரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா? இரும்புப் பட்டை கோணியிருக்கிறதா?

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே மரத்தில் வைத்துவிடக் கூடாது.   பழைய சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவதே நல்லது. ஓடும்போது அறுந்தால் அது சாட்டைபோல் வீசும்.

தீனி முக்கியம்

இந்த எந்திரத்துக்குத் தனியாக எஞ்சின் ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிப் போகும். 50 ஆண்டு காப்பாற்றிய ரம்பம் ஒரு தவறில் பாழாகும்.

அந்தக் காலத்தில் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலந்தார்கள். இப்போது இரு வீச்சு எந்திரங்களுக்கென்றே நல்ல ஆயில் வருகிறது. ஆகவே பழைய ரம்பத்துக்கு 32 பங்குக்கு 1 பங்கு என்று பலர் கலக்கிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயச் சத்தைக் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். கார்பரேட்டருக்குள் இருக்கும் பழைய சவ்வையும் ரப்பர் குழாயையும் கெடுக்கும். ஆகையால் எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுகிறார்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால், டாங்கியைக் காலி செய்ய வேண்டும். மிச்சமும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும்.

தூளா, சீவலா?

பல் மழுங்கிவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவுபோல் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். சாதாரணமாக 30 டிகிரி சாய்வு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்றுக்கு மூன்று தடவை என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. கணக்கு தவறினால் ரம்பம் ஒரு பக்கமாகக் கோணி அறுக்கும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதுதான் அளவு வைக்கிறது. பல சங்கிலிகளில் அது பல்லைவிட 0.65 மில்லி மீட்டர்தான் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று ஆசைப்பட்டு மேட்டை அதிகம் தேய்த்தால் ஆபத்து. பல் மரத்தை வெடுக்கென்று கவ்வும். ரம்பம் துள்ளும்.

முகத்தில் பாயும்

துள்ளினால் என்ன?

இங்கேதான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. பட்டையின் நுனியில், மேல்பாதி ஏதாவது கட்டையில் பட்டால் போதும். ரம்பம் கண் இமைக்கும் முன் பின்னோக்கித் தாவும். அது வந்து விழும் இடம், பிடித்திருப்பவரின் முகமும் கழுத்தும்தான்.

இப்போதைய ரம்பத்தில் இதற்குக் காவல் உண்டு. முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. ரம்பம் துள்ளியதும் அது கையில் படும். உடனே பிரேக் பிடித்துச் சங்கிலி நின்றுவிடும். நொடியில் சிறு பங்குகூட ஆகாது.

இந்தப் பிரேக் பரவலாக வந்தது 1970-களுக்குப் பிறகுதான். அதற்கு முந்திய ரம்பங்களில் பெரும்பாலும் அது இல்லை. அவை அறுக்கும். ஆனால் ஆபத்தில் நிற்கத் தெரியாது.

அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் மெத்தையும் மிகப் பழைய ரம்பங்களில் கிடையாது. ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பிடித்த மரவெட்டிகளுக்கு ஒரு நோய் வந்தது. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். "வெள்ளை விரல்" என்று அதற்குப் பெயர். எத்தனையோ பேர் சட்டைப் பித்தானைப் போடவும் முடியாமல் அவதிப்பட்டார்கள்.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். காட்டில் நாள் முழுவதும் வேலை என்றால் பிரேக் உள்ள புதிய ரம்பம். பழைய ரம்பத்தை எப்போதாவது எடுத்து, கீழே கிடத்திய கட்டையில் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. அப்போதும் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், காலுக்குக் காப்பு உடை, கனத்த பூட்ஸ் எல்லாம் போடுவார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விட மாட்டார்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்ட மாட்டார்கள். அதன் புகையில் உயிரைக் குடிக்கும் நச்சு வாயு இருக்கிறது.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

மறுபடி அந்த வாசலுக்கு வருவோம். தாத்தாவின் ரம்பத்தை விற்கும் பேரன் என்ன செய்ய வேண்டும்?

புதுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சேர்ப்பவர்கள் பழைய பெயிண்டைத்தான் விரும்புகிறார்கள். பெயரும் நம்பரும் உள்ள தகட்டைக் கழற்றக் கூடாது. ஓடுகிறது என்றால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றே சொல்ல வேண்டும். டாங்கியில் பெட்ரோல் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. வாங்க வந்தவர் ரம்பம் சேர்ப்பவராக இல்லாமல், தோட்டத்து மரத்தை வெட்ட மலிவாக ஒன்று தேடும் இளைஞராகவும் இருக்கலாம். அவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்காது.

"ஐயா, இதில் பிரேக் கிடையாது."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு வியாபாரம் கைநழுவலாம். சொல்லாவிட்டால் ஒரு குடும்பமே கண்ணீர் விடலாம்.